எல்லாரும் உட்கார்ந்து பார்த்த ஸ்கூட்டர்

மின்சார ஸ்கூட்டர் விற்பதும் நாற்காலி விற்பதும் ஒன்றுதான். வருகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள். என்னைப் போலக் கடையில் நாள் பூராவும் நின்றே பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? தச்சநல்லூர்க் கடையில் ஒரே ஒரு குடும்பம் என்னைப் படுத்திய பாட்டை மட்டும் கேளுங்கள்.

மூட்டை

எஸ்தர் டீச்சருக்குப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம். முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியவில்லை. வண்டி தோதாக அமையாவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. உள்ளே வந்ததும் சீட் தாழ்ந்த ஒரு வண்டியை நோக்கி நேரே போனார். அவர் கை வைப்பதற்குள் கணவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சொந்தமாக பைக் இருக்கிறது.

“இங்கன அரிசி மூட்டை நிக்குமா வே?” என்று கால் வைக்கும் இடத்தைத் தட்டினார். டீச்சரும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டுமே என்றேன், எனக்கு வாய்த்த சின்னக் குரலில்.

“அவ என்னத்தப் பாக்கப் போறா? மூட்டை சரியாம நின்னாச் சரி.”

பின்சீட்

மறுவாரம் டீச்சரின் மாமியார் குடும்பத்தோடு வந்தார். பின்னால் ஒருச்சாய்த்து உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். “பையப் போ, பையப் போ” என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். இறங்கியதும், சாய்மானம் வைத்த உயரமான வண்டியைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார். டீச்சர் எல்லார் பையையும் குடையையும் வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

அதில் டீச்சருக்குக் கால் தரையில் எட்டாதே என்றேன்.

“ஓடுத வண்டிக்குக் காலு எதுக்குத் தம்பி? எனக்குச் சாய எடம் இருக்குல்லா!”

சத்தம்

கொழுந்தனார் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஏறினார், ஓட்டினார், முகத்தைச் சுளித்தார். உயரமான வண்டியே முடிவு என்று ஆன பிறகுதான் அவருடைய குறையைச் சொன்னார்.

“சத்தமே இல்லாம வந்து நின்னா மனுசனுக்கு என்ன மரியாதை இருக்கு வே?”

முதலாளி

கால் எட்டாத வண்டியைத் தலையில் கட்டுகிறோமே என்று முதலாளி அண்ணாச்சியிடம் முனகினேன். சாமி படத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த ஊதுபத்தியை இறக்காமலே சொன்னார்.

“கேட்டதக் குடுத்து அனுப்புலே, நீ என்ன அவளுக்குக் கூடப் பொறந்தவனா?”

டீச்சர்

வண்டி எடுக்க வேண்டிய அன்று எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டுத் தனியாக வந்தார். கையில் யார் பையும் இல்லை. உயரமான வண்டியில் ஏறினார். கால் அந்தரத்தில் தொங்க, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன். இறங்கிப் போய் முதல் நாள் பார்த்த அந்தத் தாழ்ந்த வண்டியில் உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. சாவியை வாங்கிப் போட்டார். அப்புறம் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பினார்.

அவர் வீட்டார் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத்தான் பயம்.

“இதையே என் பேருல போடுங்க தம்பி. அரிசி மூட்டையும் அத்தையும் ஆட்டோல வரட்டும்.”

நாலு பேர் உட்கார்ந்து நியாயம் சொன்ன பிறகே ஓட்டுகிறவருக்கு முறை வருகிற இந்தத் தொழிலில், விற்கிறவன் சாயங்காலம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வீடு போய்ச் சேருகிறான்.