கூப்பிட்டால் வராத ஜிம்மி

இன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கையில் பொமரேனியன் நாய்க்குட்டி. பார்த்ததும் எண்பதுகளின் எறையூருக்குப் போய்விட்டேன்.

சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் நாங்கள் வளர்த்த ஜிம்மியும் பொமரேனியன்தான். ரஸ்க் காட்டிப் பழக்கியும், கூப்பிட்டால் எதிர்ப்பக்கம்தான் ஓடும்.

ஒரு பனிக்காலையில், பாகு மணக்கும் வெண்புகையினூடே கரும்பு லாரிகள் மிதந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தன. ஜிம்மி நடுரோட்டில் போய் நின்றது. பிடிக்கப் பாய்ந்தேன்.

"தொரத்தாத! சக்கரத்துல போய் வுழுந்துரும். நீ திரும்பி ஓடு, பின்னால வரும்" என்று கத்தினார் என் கணவர்.

முதுகைக் காட்டி ஓடினேன். கனவில் ஓடுவதுபோல் கால் நகரவே இல்லை. வாசலில் விழுந்து உட்கார்ந்தபோது, மடியில் வந்து ஏறியது ஜிம்மி.

அன்றிலிருந்து அதைக் கூப்பிட நான் தெருவில் ஓடுவேன். பக்கத்து வீட்டம்மா கேட்டார்: "நாய நீங்க பழக்குறீங்களா, உங்கள அது பழக்குதாங்க?"

உங்கள் வீட்டில் எப்படி?