தம்பியின் மூளைப் படமும் பழவங்காடி அப்பமும்

காலை ஆறே முக்காலுக்கு நாகர்கோவில் பாசஞ்சர் என்னைத் திருவனந்தபுரம் தம்பானூரில் இறக்கிவிட்டது. எழுபது கிலோமீட்டரும் நின்றபடியே வந்தேன். ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்திலுள்ள ஓட்டலில் என் தம்பி நடராஜன் தோசை மாஸ்டர். பத்து வருடமாக அவனுக்கு மனச்சிதைவு நோய். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். மாத்திரை போட்டால் குரல் தணியும், கல்லுக்கு முன்னால் நின்று வேலை பார்ப்பான்.

இங்கே ஒரு மருத்துவமனையில் இந்த நோயுள்ளவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்கிறார்கள். தம்பி சம்மதித்துவிட்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தான்.

"படத்துல தெரிஞ்சிட்டுன்னா, நடிக்கான்னு ஒருத்தனும் சொல்லமாட்டாம்லா," என்றான். அப்பா சாகும்வரை நடிக்கிறான் என்றுதான் சொன்னார்.

ஏழேகால். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ராத்திரியிலிருந்து தண்ணீர் தவிர எதையும் தொடாமல், விடிந்ததும் ஊருக்கெல்லாம் தோசை ஊற்றியிருக்கிறான்.

"ஒரு தேங்கா ஒடச்சிட்டு போவோம்ணே."

பழவங்காடி பிள்ளையார் கோயில் ஒரு கிலோமீட்டர் நடை. அவன் எறிந்த வேகத்தில் தேங்காய் தூளாயிற்று. பிரசாதமாகக் கிடைத்த வெல்ல அப்பத்தைக் கண்ணில் ஒற்றி, ஆளுக்கு இரண்டு தின்றுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

எட்டரை. மலையாள நர்ஸ் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். முகம் மாறியது.

"ஏதெங்கிலும் கழிச்சோ, சேட்டா? சாப்பிட்டோ?"

"இல்ல சேச்சி. பச்சத்தண்ணி மட்டும்."

"வேற ஒண்ணும் இல்லே?"

"கோயில்ல ரெண்டு அப்பம். பிரசாதம்."

"அது சாப்பாடு இல்லையோ?"

"பிரசாதம் எப்பிடி சேச்சி சாப்பாடாவும்?"

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு டாக்டரை அழைத்தார். அவனைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. எனக்கும் அது சாப்பாடாகத் தோன்றவே இல்லை.

டாக்டரம்மா இந்த ஊர்க் கோட்டை அக்ரகாரத்துக்காரர், தமிழ் பேசுகிறவர்.

"நாங்க ஊசில ஏத்தறதும் ஒரு சர்க்கரைதான். மூளை எந்த எடத்துல எவ்வளவு எடுத்துக்கறதுன்னு அது காட்டும். வெல்லத்த சாப்ட்டுட்டு வந்தா கணக்கு தப்பிடும். நாளன்னிக்கு வாங்கோ. ரத்தமும் எடுப்போம். காய்ச்சல் வந்தா கிருமிய எதுக்க ஒடம்போட காவல் முழிச்சுக்கறதில்லையா? இந்த வியாதில சில பேருக்குக் காய்ச்சலே இல்லாம அது முழிச்சுண்டிருக்கு. அதுக்கும் மூளை சர்க்கரைய எரிக்கற விதத்துக்கும் சம்பந்தம் உண்டான்னு பாக்கறோம். எது மொதல்ல, எது அப்புறம்னு இன்னும் தெரியல."

"நா நடிக்கலன்னு படத்துல தெரியுமா டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தர் படத்த வச்சுண்டு ஒண்ணும் சொல்ல முடியாது. நெறைய பேரோடத சேத்துப் பாத்தாதான். ஆனா நீங்க நடிக்கலன்னு தெரிஞ்சுக்க எனக்குப் படம் வேண்டாம். இஷ்டமில்லேன்னா வர வேண்டாம். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்கோ."

திரும்பியதும் நேரே தோசைக்கல்லுக்குப் போய்விட்டான். இனி வரமாட்டான் என்றே நினைத்தேன். மாலையில் தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டான்.

"நாளக்கழிச்சு வரைக்கும் நிப்பியாண்ணே?"

"போறியா? படம் ஒனக்கு ஒண்ணும் சொல்லாதுங்காங்களே."

"நெறைய பேரு வேணும்னாங்கல்லா. நம்மளால ஒண்ணு கொறையாண்டாம்."

எந்த ஊரிலும் இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தங்காதவன் நான். ஓட்டல் மாடியில் ஆறு பேர் படுக்கும் அறையில் ஏழாவதாகப் படுத்தேன். மூட்டைப்பூச்சி உண்டு, காற்றும் உண்டு.

மூன்றாம் நாள் காலை பிள்ளையாரை ரோட்டில் நின்றே கும்பிட்டான். ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். இருட்டறையில் பேசாமல் படுக்க வைத்தபின் எந்திரத்துக்குள் அனுப்பினார்கள். பதினொன்றரைக்கு வெளியே வந்தான், நல்ல பசியோடு.

எங்கள் ஊரில் காய்ச்சல் என்று ஒருவன் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் ரொட்டியும் ஆரஞ்சும் கொண்டுவருவார்கள். மஞ்சள்காமாலைக்கு இளநீர் வரும். இவனைப் பார்க்கப் பத்து வருடத்தில் யாரும் எதுவும் கொண்டுவந்ததில்லை. நானும்தான்.

வாசல் வண்டியில் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கி அவன் கையில் கொடுத்தேன்.

"யாருக்குண்ணே?"

"ஒனக்குத்தான்டே. ஒடம்பு செரியில்லாதவன பாக்க வந்திருக்கேம்லா."

பையைப் பிரித்துப் பார்த்தான். பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினான்.