மஞ்சள் பையில் செல்லாத டிக்கெட்டுகள்

ஸ்ரீபெரும்புதூர் ஹைவேயில் இருந்த ஒரு மாலின் மாடியில் கேம் ஜோன் என்று ஒன்று நடத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. ஜன்னலே கிடையாது. நீலமும் சிவப்புமாக விளக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மெஷினும் தனக்குத் தெரிந்த பாட்டைத் தனியாகப் பாடும். எல்லாம் சேர்ந்து காதில் விழும்போது, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு கல்யாண மேளம் கேட்பது போல இருக்கும்.

கார்டைத் தேய்த்துவிட்டு விளையாட வேண்டும். ஜெயித்தால் மெஷினின் வயிற்றிலிருந்து காகித டிக்கெட் நாக்கு மாதிரி நீண்டு வரும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சேர்த்துக் கவுண்டரில் கொடுத்தால் கண்ணாடி அலமாரியில் இருக்கிற சாமானில் ஒன்றைத் தருவார்கள். கொஞ்சமாக இருந்தால் கீழ்த் தட்டிலிருந்து பென்சில், மிட்டாய். நிறைய இருந்தால் மேல் தட்டு.

நானும் என் சம்பந்தியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்து பழகிவிட்டோம். என் பெண்ணை அவர் பிள்ளைக்குத்தான் கொடுத்திருக்கிறேன். பெண்ணும் மாப்பிள்ளையும் கீழே மளிகை வாங்குகிற நேரத்துக்கு எங்களை மாடியில் விட்டுவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளை கார்டில் கொஞ்சம் காசு ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டியிடம் சொல்வார்.

"நைனாவும் மாமாவும் கேசினோக்குள்ள போறாங்க. சொத்தெல்லாம் பத்திரமா பூட்டி வச்சியா?"

மாப்பிள்ளை நிஜமான கேசினோவைப் பார்த்தவர். கம்பெனி ஆட்களோடு கோவாவுக்குப் போயிருந்தாராம். அங்கேயும் மெஷின் ஒரு சீட்டைத்தான் துப்புமாம். அதில் ரூபாய் அச்சாகி இருக்குமாம். அந்தச் சீட்டை அந்த இடத்திலேயே மாற்றிவிட வேண்டுமாம். பக்கத்து ஹோட்டல் மெஷினில் கொடுத்தால் மூஞ்சியில் துப்பிவிடுமாம். ஒரு சீட்டை மாற்ற மறந்து பர்ஸிலேயே ஊருக்குக் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. கொடுத்த சீட்டை ஒருத்தன் வாங்க மாட்டேன் என்பானா.

நான் ஒரகடம் கூட்டு ரோட்டில் டீக்கடை வைத்திருந்தவன். அப்போது கம்பெனிகளில் கேன்டீன் டோக்கன் கொடுப்பார்கள். ஒரு கம்பெனியில் மஞ்சள், இன்னொன்றில் பச்சை பிளாஸ்டிக், வேறொன்றில் வெறும் அட்டை. ஷிப்ட் முடிந்து வருகிறவன் கையில் காசு இருக்காது, டோக்கன் இருக்கும். வாங்கிக்கொண்டு டீயும் பொறையும் கொடுப்பேன். அந்த டோக்கனை நான் மெஸ்காரனிடம் கொடுத்து அரிசி வாங்குவேன். மெஸ்காரன் அதைக் கேன்டீன் காண்ட்ராக்டரிடம் கொடுப்பான். ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட சில்லறைக்குப் பதில் பச்சை டோக்கனை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். எந்தக் கம்பெனி, எந்தக் கேட் என்று யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் கல்லாவைத் திறந்தால் கலர் கலராகக் கிடக்கும். இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கலர்கள்தான் வருகின்றன, அன்றைக்குக் குடித்தவர்களின் முகம் வருவதில்லை.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வருஷக்கணக்காக முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையத் தூங்குகிறவர்களைச் சுமந்து பழகினதாலோ என்னவோ, சத்தமாகப் பேச மாட்டார். கல்யாணத்துக்கு அப்புறமும் எங்களுக்குள் "வாங்க, சாப்டீங்களா" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. கேம் ஜோனில்தான் வளர்ந்தது. அதுவும் ஒரு நாள் அவர் மேல் தட்டைக் காட்டிக் கேட்டபோது.

"சம்பந்தி, அந்தக் கறுப்பா கீதே, அது பைனாகுலர் தானே?"

"ஆமா. ரேஸ்ல பாப்பாங்களே, அது."

"அதுக்கு எவ்ளோ டிக்கெட் வேணுமாம்?"

கேட்டுச் சொன்னேன். நிறைய. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு விஷயம் வந்தது. குன்றத்தூரில் அவர் வீடு மாடியில் இருக்கிறது. சம்பந்தியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையோடு கிடக்கிறார். கட்டிலுக்கு நேராக ஜன்னல். ஜன்னலில் முருகன் கோயில் மலை தெரியும். தெரியும் என்றால், ஒரு மேடு, அதன் மேல் ஒரு கோபுரம், அவ்வளவுதான். கிருத்திகை தவறாமல் அந்தப் படி ஏறின பொம்பளை. இப்போது உட்கார வைத்தால் சாய்ந்துவிடுகிறார், வண்டியில் கொண்டுபோக முடியாது. பிள்ளை செல்போனில் கோயிலை வீடியோ எடுத்து வந்து காட்டினான். "இது படம். எனக்கு மலையைப் பாக்கணும்" என்று சொல்லி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாராம்.

"கார்த்திகை தீபத்துக்குள்ள அதைக் கொண்டு போயிட்டா, மேல ஏத்துற தீபத்தை அவ பாத்துடுவா" என்றார்.

"அதுக்கு இந்த மெஷினை எதுக்குக் குத்திக்கினு இருக்கணும். கடையில வாங்கிக் குடுத்துடலாமே."

"கடையில வாங்கினா எவ்ளோன்னு கேப்பா சம்பந்தி. எவ்ளோ சொன்னாலும் திருப்பிக் குடுத்துட்டு வான்னுவா. அவளுக்கு வாங்குன கட்டிலையே திருப்பச் சொன்னவ. ஜெயிச்சதுன்னா அவளால ஒண்ணும் சொல்ல முடியாது."

அதற்கப்புறம் நாங்கள் அசந்து உட்காரவில்லை. ஒரு மெஷினில் தட்டு முன்னும் பின்னும் நகரும். மேலேயிருந்து காசு வில்லையை விட்டால், விளிம்பில் குவிந்திருப்பது சரிந்து விழும். பஸ் ஓட்டினவருக்கு அந்த நேரம் பிடிபட்டுவிட்டது. கிளட்ச்சை விடுகிற மாதிரி வில்லையை விடுவார். டிக்கெட் நீண்டு வரும். நான் மடித்து மடித்து மஞ்சள் பையில் போடுவேன். பை நிறைந்துகொண்டு வந்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எண்ணிப் பார்த்தபோது இன்னும் ஒரு வாரம் ஆடினால் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

தீபாவளி முடிந்து போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் தமிழ் என்றால். செக்யூரிட்டியைக் கேட்டேன்.

"காலி பண்ணிட்டாங்க பெரியவரே. மெஷினெல்லாம் லாரியில ஏத்திட்டாங்க."

"எங்க போறாங்கன்னு சொன்னாங்களா?"

"எங்க சம்பளம் எப்போன்னே சொல்லாம போயிட்டாங்க."

சம்பந்தி பையைக் கையில் சுற்றிக்கொண்டு எஸ்கலேட்டரில் இறங்கினார்.

கார்த்திகை தீபத்தன்று காலையில் ஒரகடத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அதே பை.

"சம்பந்தி, வேற எங்கனா இதை மாத்த முடியுமா?"

"ஏன் முடியாது. டோக்கன்னா டோக்கன் தான். கிளம்புங்க" என்றேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போனோம். அங்கே ஒரு சின்ன கேம் ஜோன். கவுண்டரில் இருந்தவன் டிக்கெட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "இது நம்மளது இல்ல" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான். மாப்பிள்ளை சொன்ன கோவா மெஷின் எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பி ஒரகடத்துக்கே வந்தோம். வழியெல்லாம் கார் ஏற்றின லாரிகள் வரிசையாக நின்றன. புதுக் கார்கள், கண்ணாடியில் வெள்ளைத்தாள் ஒட்டி, எங்கேயும் போகாமல் மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. சம்பந்தி அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரகடத்தில் புதிதாகத் திறந்த மாலில் ஒன்று இருந்தது. அதுதான் கடைசி. அங்கேயும் மேல் தட்டில் அதே மாதிரி கறுப்பு பைனாகுலர். கவுண்டரில் ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, இது எங்க டிக்கெட் இல்லல்லா. பேரு வேற போட்டிருக்கு."

"பேரு வேறயா இருந்தா இன்னாம்மா, பேப்பர் ஒண்ணுதானே. நான் டீக்கடை வச்சிருந்தப்போ எந்தக் கம்பெனி டோக்கன் வந்தாலும் வாங்கிப்பேன்."

"அது டீ தாத்தா. இது பிசினஸ்."

"நான் மட்டும் தர்மத்துக்கா ஊத்தினேன்?"

அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் டிக்கெட்டைத் திருப்பித்தான் வைத்தாள். சம்பந்தி அப்போது முன்னால் வந்தார். பையை முழுசாக எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"மாத்தித் தர வேணாம்மா. இதை நீ வச்சிக்கோ. அந்த பைனாகுலரை இன்னிக்கு ஒரு சாயங்காலம் குடு. தீபம் பாத்ததும் கொண்டாந்து குடுத்துட்டு இதை வாங்கிக்கிறேன்."

"அடகா?" என்றாள்.

"அப்படித்தான் வச்சிக்கோ."

"செல்லாத டிக்கெட்டை வச்சிக்கிட்டு நான் என்ன செய்யதுக்கு?"

"உனக்குச் செல்லாது. எனக்கு இதைத் தவிர வேற இல்ல. அதனால கண்டிப்பா திரும்பி வருவேன்."

படுக்கையில் இருக்கிற பெண்டாட்டியைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் நான்தான் சொன்னேன். அவர் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே அலமாரிச் சாவியை விரலில் சுற்றினாள். "வரலைன்னா என் சம்பளத்துல பிடிப்பாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். தாடி வைத்த பையன், இந்தப் பக்கத்து ஆள்தான்.

"ஆதார் கீதா?" என்றான்.

சம்பந்தி கொண்டு வரவில்லை. நான் என்னுடையதை நீட்டினேன். கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது யாரு பெருசு, உங்க அப்பாவா?"

"எடுத்தவன் அப்படி எடுத்துட்டான்பா."

சம்பந்தி என் தோளில் கை வைத்தார். "ஆதார் எதுக்கு. ஆளையே வச்சிட்டுப் போறேன். நான் வர வரைக்கும் இவர் இங்கதான் இருப்பாரு."

"இன்னா சம்பந்தி, பொண்ணைக் குடுத்தாச்சு, இப்போ என்னையுமா?"

அந்தப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கடை மூடுறதுக்குள்ள வந்துடணும்" என்றான். பெண் அலமாரியைத் திறந்தாள்.

சம்பந்தி பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வயிறு பெருத்த மாதிரி தெரிந்தது. அப்படியே போய்விட்டார். படப்பை பஸ்ஸைப் பிடித்து, அங்கே இறங்கி, குன்றத்தூர் பஸ் மாற வேண்டும். எனக்கு ஓட்டுகிற மாதிரி ஒரு பைக் மெஷினில் இடம் கொடுத்தார்கள். அதன் எதிரே திரையில் ஒரு ரோடு ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் கார்டு தேய்க்காவிட்டாலும் அது ஓடும். கடல் வரும், மலை வரும், சுரங்கம் வரும், மறுபடியும் கடல். அதில் கண் சொக்கி, சம்பந்தி ஓட்டுகிற பஸ்ஸில் நான் தூங்கிக்கொண்டு போவது போல இருந்தது. பஸ் நிறையக் கலர் டோக்கன்கள் உட்கார்ந்திருந்தன. யாரும் இறங்கவில்லை. ஒவ்வொரு கேட்டிலும் பஸ் நின்றது, செக்யூரிட்டி எட்டிப் பார்த்தான், போங்க என்றான்.

பெண் தட்டி எழுப்பித் தண்ணீர் கொடுத்தாள். "உங்க ஆளு வந்துருவாரா தாத்தா?" என்று கேட்டாள். "எங்க ஊர்ல இந்நேரம் கோயில் முன்னால சொக்கப்பனை கொளுத்த ஓலை கட்டிருப்பாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை போல. எனக்கும் கொஞ்சம் பயம் வந்தது. சம்பந்தி வராமல் போவார் என்று இல்லை. பஸ் கிடைக்காமல், நேரத்துக்கு வீடு போய்ச் சேராமல், தீபம் ஏற்றி முடித்திருப்பார்களோ என்று.

அப்போது போன் அடித்தது.

"சம்பந்தி, கேக்குதா?"

"கேக்குது. போயிட்டீங்களா?"

"வந்துட்டேன். அவ கையில குடுத்துட்டேன். ஒரு கையால புடிச்சிக்கினு கீறா, இன்னொரு பக்கம் நான் தாங்கிக்கினு கீறேன்."

"தெரியுதாமா?"

"எனக்கு இன்னா தெரியும். கேட்டா சும்மா இருன்றா."

பின்னால் ஏதோ முனகல் கேட்டது. சம்பந்தி போனை அந்தம்மா பக்கம் கொண்டுபோயிருப்பார். சம்பந்தியம்மாவுக்குப் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும்.

"அண்ணா."

"சொல்லுங்கம்மா."

"படியில ஒருத்தி... செருப்பைத் தேடுறா."

"யாரு அது?"

"தெரியல. பச்சைப் புடவை. கிடைக்கல அவளுக்கு." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. "பக்கத்துல ஒரு ஆள் வடை தின்னுனு கீறான். தேடிக் குடுக்காம."

"தீபம் ஏத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல. எண்ணெய் ஊத்துறாங்க."

கவுண்டர் பெண் பக்கத்து பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். "ஸ்பீக்கர்ல போடுங்க தாத்தா" என்றாள். எனக்குப் போடத் தெரியவில்லை, அவளே வாங்கிப் போட்டாள். மெஷின்களின் பாட்டு நடுவே அந்த இழுத்த குரல் வந்தது. ஐயர் துண்டை இறுக்கிக் கட்டுவதைச் சொன்னார். ஒரு குழந்தை தோளில் தூங்குவதைச் சொன்னார். யாரோ கோபுரத்துப் பக்கம் போனைத் தூக்கிப் பிடிப்பதைச் சொல்லி, "படம் எடுக்குறானுங்க" என்று சலித்துக்கொண்டார். பிறகு குரல் நின்றுவிட்டது.

"சம்பந்தியம்மா?"

எங்கேயோ "அரோகரா" என்கிற கூச்சலும் பட்டாசுச் சத்தமும் மட்டும் போனில் கேட்டன. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள், அதில் கடல் ஓடிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது.

"அண்ணா, அங்கேயேதான் உக்காந்துனு கீறீங்களா?"

"ஆமாம்மா, இங்கதான் கீறேன்."

"இருங்க. இவரை இப்போ அனுப்ப மாட்டேன்."