எர்மெலின் நிரப்பிய பன்னிரண்டு வரிகள்

புரோவேன் ஊரில் நான் ஆட்டுத்தோலைச் சுரண்டி ஏடாக்குகிறேன். என் மனைவி எர்மெலின் அதில் கதைப்பாட்டுகளைப் பிரதி எடுக்கிறாள். எழுதுகிறவள் எழுதிவிட்டுப் போக வேண்டாமா? "இந்தக் கவிஞரு எங்க மூச்சு விடறாரு பாரு" என்று என்னை வேறு கூப்பிடுவாள். எனக்குத் தோல் நாற்றம்தான் தெரியும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, எப்போதோ செத்துப்போன ஒரு கவிஞரின் கதையை ஒரு சீமாட்டிக்காக எழுதினாள். முடியப்போகும் நேரத்தில் பார்த்தால், மூல ஏட்டில் ஒரு பக்கத்தின் அடியை எலி தின்றிருந்தது. முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வரி போச்சு. ஊரில் வேறு பிரதி இல்லை. குறையோடு கொடுத்தால் இனி யாரும் அவளிடம் வேலை தரமாட்டார்கள். அவளே இட்டுக்கட்டி நிரப்பினாள்.

சீமாட்டிக்கு வாசித்துக் காட்டும் ஒதோன் புத்தகத்தைச் சோதிக்க வந்தார். பொல்லாத காது. உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் சரியாக அந்த இடத்தில் நின்றார்.

"ஏம்மா, யாரு இது நடுவுல?"



"எலி தின்னுடுச்சு ஐயா, நான்தான் எழுதினேன்" என்றாள் எர்மெலின். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" பயத்தைவிட ஆவல்தான் அதிகம் தெரிந்தது.

"அந்தக் கவிஞரு, ஒரே ஓசையில முடியற ஜோடி வரியில, முதல் வரியோடயே பேச்சை முடிச்சிடுவாரு. ஓசை பாக்கி நிக்கும். அடுத்த வரியில வேற ஆளு வாயைத் திறப்பான். கேக்கறவன் எந்திரிச்சுப் போக முடியாது. நீ ரெண்டு வரிக்கு ஒருதடவ பேச்சையும் ஓசையையும் சேர்த்து முடிச்சுப் பெட்டியைப் பூட்டிடற."

"சாப்பிடுங்க. அதுக்குள்ள மாத்திடறேன்."

"பட்டாணிக் கஞ்சி ஆறுறதுக்குள்ள கவிஞராயிடுவியோ?" சிரித்தபடி உட்கார்ந்தார்.

அவள் அந்த வரிகளைக் கத்தியால் சுரண்டினாள். முணுமுணுத்து, பாதியில் நிறுத்தி, மறுபடி எழுதினாள்.

மை காய்ந்ததும் ஒதோன் படித்தார். எங்கும் நிற்கவில்லை. பக்கம் புரட்டியதும் துள்ளினார்.

"மாட்டிக்கிட்டியா! இங்க பூட்டியிருக்க. இதுவும் உன்னுதுதான்!"

எர்மெலின் மூல ஏட்டை அவர் முன் வைத்தாள். எலி தொடாத பக்கம். எழுத்துக்கு எழுத்து அதே வரிகள்.

"இது அவரோடது ஐயா. என்னுதைத்தான் நிக்காம படிச்சிட்டீங்களே."

"அப்போ அவரு ஏன் இங்க மட்டும்..."

"கதையில நாயகி இங்கதான் புருஷனை வெளியே அனுப்பிட்டுக் கதவைச் சாத்தறா. அங்க பூட்டாம எங்க பூட்டுவாரு?"

ஒதோன் அந்த இரண்டு வரியையும் வாய்க்குள் மறுபடி சொல்லிப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலைத் தாண்டியவர் திரும்பி வந்தார்.

"அடுத்த கதையும் நீதான் எழுதணும். எலி தின்னா சொல்லாத."