மாஸ்டரை மாற்றியவள்

ஆரணியில் டாக்டரை மாற்றலாம், ஜவுளிக் கடையை மாற்றலாம், கட்சி மாறினால் மாலை போட்டே வரவேற்பார்கள். கராத்தே மாஸ்டரை மாற்றினால் மட்டும் வீட்டை விட்டு ஓடிப்போனவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அனுபவித்தவள் சொல்கிறேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே மாஸ்டரிடம்தான் கற்றேன். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடம். என்னோடு சேர்ந்த பெண்களெல்லாம் பரீட்சை என்றும் கல்யாணம் என்றும் ஒவ்வொருத்தியாக நின்றுவிட, கடைசியில் நானும் என் தோழியும்தான் மிஞ்சினோம். அவள் இப்போது மிஷன் பள்ளியில் டீச்சர். நான் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். பகலெல்லாம் திரையில் மயிலும் மாங்காயும் வரைந்து கண் எரிய வந்து நிற்பேன். அவள் விடும் நாலு குத்தைத் தடுத்தால்தான் எனக்குத் தலைவலி இறங்கும். எவளோடும் எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்ததில்லை. என் அக்காவிடம்கூட இல்லை.

மாஸ்டருக்கு விசுவாசம் என்ற சொல்லின் மேல் அலாதிப் பிரியம். வகுப்பு தொடங்கும்போது ஒரு தரம் விசுவாசம், முடியும்போது ஒரு தரம் விசுவாசம். நடுவில் நேரம் இருந்தால் கராத்தே. அவருடைய விசுவாசத்தின் லட்சணத்தை வாசலில் தொங்கிய போர்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஒரு சங்கத்தின் பெயரை அழித்து இன்னொரு சங்கத்தின் பெயர், அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தார். நாங்களும் பழைய சின்னத்தைப் பிரித்துப் புதுச் சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டோம். அவர் மாறினால் வளர்ச்சி, மற்றவர்கள் மாறினால் துரோகம்.

எங்கள் வகுப்புக்கு இன்னொரு பெருமை உண்டு. போட்டிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் பட்டு பெல்ட். அரக்கு நிறம், இரண்டு நுனியிலும் ஜரிகையில் வகுப்பின் பெயர். அந்த எழுத்துகளை வரைந்து கொடுத்தவளே நான்தான். பட்டுப் புடவை கட்டுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், பட்டு வழுக்கும், பின் குத்தாமல் நிற்காது என்று. ஊரே பட்டை நம்பிப் பிழைக்கிறது, ஆனால் இதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"பருத்தியிலயே இருந்தா முடிச்சு நிக்கும் மாஸ்டர்."

"ஆரணில பொறந்துட்டு பருத்தி பெல்ட்டு கட்டிகினு போவியா? வெளியூர்க்காரன் சிரிப்பான்" என்றார்.

வெளியூர்க்காரன் சிரிக்கத்தான் செய்தான், பெல்ட் அவிழும்போதெல்லாம். அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. பட்டில் லட்சுமி இருக்கிறாள், ஜரிகையில் வகுப்பின் பெயர் இருக்கிறது, ஆகவே பெல்ட் தரையில் படவே கூடாது என்று ஒரு சட்டம் வேறு. தரையில் பட்டுவிட்டால் எல்லார் முன்னாலும் தோப்புக்கரணம். பிள்ளைகளின் அம்மாக்கள் ஊசி நூலோடு வந்து முடிச்சைத் தைத்து அனுப்புவார்கள். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

நான் வெளியேறியதற்குக் காரணம் பெல்ட் இல்லை. வேலூரில் எல்லா வகைச் சண்டைக்காரர்களும் கலந்துகொண்ட ஒரு போட்டி. என்னைவிடச் சின்ன உடம்புக்காரி ஒருத்தி என் காலை வாரிக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் கற்றதில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை. மல்லாந்த கரப்பான் மாதிரி கை காலை உதைத்துக்கொண்டு கிடந்தேன். திரும்பி வந்து, கீழே விழுந்தால் என்ன செய்வது என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"நம்ம கராத்தேல கீழ விழுறதே கெடையாதும்மா" என்றார். சிரிக்காமல் சொன்னார். 

போளூர் ரோட்டில் அரிசி மண்டிக்கு மேல்மாடியில் ஒரு ஜிம் திறந்திருந்தார்கள். மல்யுத்தம், தரையில் கட்டிப் புரளும் சண்டை எல்லாம் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருக்கும் கோச் ஒன்றும் மகான் இல்லை. கண்ணாடியைக் கண்டால் தன் புஜத்தைத் தடவிப் பார்க்காமல் நகரமாட்டார். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வரும். முதல் வாரம் முழுக்க விழக் கற்றுக்கொடுத்தார். விழுவதில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, இத்தனை நாள் வீணாய்ப் போனதே என்று.

என் ஸ்கூட்டரை மண்டி வாசலில் எவனோ பார்த்துச் சொல்லிவிட்டான். அன்றைக்கே வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். அதோடு விட்டாரா மனிதர்? மறுநாள் என்னை வரச்சொல்லி, எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துப் பஞ்சாயத்து வைத்தார்.

"ஒரு வீட்ல சாப்டுட்டு இன்னொரு வீட்ல போய் கை நனைக்கிறவங்கள இன்னான்னு சொல்லுவாங்க?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பெல்ட்ட வெச்சிட்டுப் போ. இனிமே இவகூட இந்த வகுப்புல யாரும் பேசக்கூடாது. பேசினா அவங்களும் கெளம்பலாம்."

பெல்ட்டை எங்கள் கடைப் புடவைக் கவரிலேயே போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மேஜைமேல் வைத்துவிட்டுத் தோழியைப் பார்த்தேன். அவள் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே கடைத்தெருவில் எதிர்ப்பட்டாள். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் சட்டென்று ஒரு தக்காளிக் கூடையின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு பழமாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். தக்காளியில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்ததும் திட்டினேன். மாஸ்டர் வாய்க்கு வந்ததை உளறுகிறவர், அவரை விட்டுத்தள்ளலாம். படித்தவள், பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லித்தருகிறவள், ஒரு ஸ்டிக்கர் போர்டுக்குப் பயந்து என்னைத் தெரியாதவள் ஆக்கிவிட்டாளே. புது ஜிம்மில் பயிற்சிக்கு எனக்கு ஜோடிகள் கிடைத்தார்கள். ஒருத்தியோடும் கை ஒத்துப்போகவில்லை.

மழைக்காலம் வரைக்கும் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சர்ச்சுக்குப் போன வெள்ளைப் புடவையோடே அவள் என் வீட்டு வாசலில் நின்றாள்.

"உள்ள வரலாமா?"

"மாஸ்டர்கிட்ட பர்மிஷன் வாங்கினியா?" என்றேன். குத்திக்காட்ட வேண்டும் என்றே சொன்னேன்.

அவள் அதைக் காதில் வாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "நேத்து போளூர்ல போட்டி. எட்டாவது படிக்குதே, அந்த ஒல்லிப் பொண்ணு. நடுவுல அதுக்கு பெல்ட்டு அவுந்துபோச்சி. கீழ விழுந்துடப் போவுதேன்னு அது சண்டைய விட்டுட்டு குனிஞ்சி பெல்ட்ட புடிச்சிகினு இருக்குது. எதிர்ல இருந்தவ தள்ளிட்டா. கைய ஊனி விழுந்துச்சி. மணிக்கட்டு முறிஞ்சிபோச்சி."

"அவரு இன்னா சொன்னாரு?"

"பெல்ட்டு தரையில படாம காப்பாத்திட்டான்னு கை தட்டச் சொன்னாரு."

"தட்டினீங்களா?"

"தட்டினாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கு மேலயும் அங்க இன்னாத்துக்குடி நின்னுகினு இருக்க? நாளைக்கே என்கூட கெளம்பி வா. அந்தாளு மூஞ்சில நாலு வார்த்தை சொல்லிட்டு வா."

"நான் வரல. விழுறது எப்படின்னு எனக்கு சொல்லிக்குடு. இங்கயே. அவருக்குத் தெரியாம."

"ஏன், மெத்தை போட்டு வெச்சிருக்காங்க, அங்க வந்து கத்துக்கோயேன். அவருக்கு இன்னும் எவ்வளவு நாளுக்குப் பயப்படுவ?"

"பயந்துதான் உன்கூட பேசலன்னு நெனச்சிகினியா?" என்றாள். குரல் உயரவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரியே சொன்னாள். "அங்க பொண்ணுங்க இருக்குதுங்க. டீச்சர் கூட இருக்காங்கன்ற தைரியத்துலதான் வீட்ல அனுப்புறாங்க. அவரு என்னைத் தொரத்திட்டா மறுநாள் அத்தனையும் நின்னுடும். அதுக்குத்தான் வாய மூடிகினு இருந்தேன். உன்னப் பாத்துட்டு தக்காளி பொறுக்கினது எனக்கு மட்டும் இனிச்சிதா?"

"அவரு மேல விசுவாசம் இல்லன்ற."

"அந்தாளு மேல யாருக்கு இருக்குது?" என்றாள். "நீ போனப்ப அவருக்கு ஒண்ணும் கொறஞ்சிடல. இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டிட்டாரு. அக்கா ஏன் வரலன்னு அந்தப் பொண்ணுங்கதான் தெனமும் கேட்டுகினு இருந்துச்சிங்க. இப்ப கை முறிஞ்சிதே, அதுவும்தான் கேட்டுச்சி. நீ எனக்கு சொல்லிக்குடுத்தா நான் அதுங்களுக்கு சொல்லிக்குடுப்பேன்."

எழுந்துபோய் கட்டிலில் கிடந்த மெத்தையை இழுத்துக் கூடத்தில் போட்டேன்.

"புடவைய மாத்திகினு வா" என்றேன். "கைய ஊனாம விழணும். அதான் மொதப் பாடம்."