காற்றாலைக் கூட்டத்தில் அண்ணன் கேட்டது

காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஊரில் கூட்டம் போட்ட அன்று, இரண்டு பக்கப் பேச்சையும் மொழிபெயர்த்துச் சொன்னவள் நான். இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது. அப்போது உத்தமபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். பிறந்த ஊர் அங்கிருந்து கிழக்கே, செம்மண் காடு. பெரியாற்று அணைத் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டாது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் நிலம். அப்பா போன பிறகு அந்த நிலத்தை அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் நடந்தபோது மேட்டில் ஆறு காற்றாலைகள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் பலவற்றுக்குக் குழி தோண்டிக் கான்கிரீட் கொட்டியிருந்தார்கள். அவை வந்ததிலிருந்து மழை சரியாக இல்லை. மேகம் கூடி வரும்போது இறக்கைகள் அதை வெட்டி விரட்டிவிடுகின்றன என்று ஊரே நம்பியது. அது அப்படி இல்லை என்று நான் வகுப்பிலும் சொன்னேன், அண்ணனிடமும் சொன்னேன். “நீ படிச்சவ, சொல்ற. நான் தெனமும் வானத்தப் பாக்குறவன்” என்பார்.

எங்கள் தலைமை ஆசிரியைதான் என்னைக் கூப்பிட்டு, கம்பெனிக்கு இங்கிலீஷ் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டுமாம், உன் சொந்த ஊர்தானே, போய்விட்டு வா என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சமுதாயக் கூடத்தில் கூட்டம். கம்பெனி சார்பில் கோயம்புத்தூர்க்கார அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கூடவே டெல்லியிலிருந்து ஒரு இளம்பெண். ஆலோசனை நிறுவனத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. அவளுக்காகத்தான் நான்.

டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். கையெழுத்து நோட்டு ஒன்று வரிசையாகக் கை மாறியது. டெல்லிப் பெண் பேசினாள், நான் மாற்றிச் சொன்னேன். காற்றில் மின்சாரம் எடுத்தால் அந்த அளவுக்கு நிலக்கரி எரிப்பது குறையும், புகை குறையும். அப்படிக் குறைந்த புகைக்கு ஒரு சான்றிதழ் உண்டு. தன் புகையைக் குறைக்க முடியாத வெளிநாட்டு ஆலைகள் அந்தச் சான்றிதழை விலைக்கு வாங்கிக்கொள்ளும். அதற்கு விண்ணப்பிக்கும் முன் ஊர் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. இவ்வளவுதான் அவள் சொன்னது. கூட்டம் அமைதியாகக் கேட்டது. நம்பியதாகத் தெரியவில்லை.

ஆடு மேய்க்கும் ஒரு அக்கா, சத்தத்துக்கு ஆடுகள் மேட்டுப் பக்கம் போக மறுக்கின்றன என்றார். இரண்டு பேர் மழையைப் பற்றிக் கேட்டார்கள். அதிகாரி சிரித்துவிட்டு, விஞ்ஞானப்படி அப்படி எதுவும் இல்லை என்றார். அப்போது அண்ணன் எழுந்தார்.

“அந்தச் சான்றிதழு கெடைக்கலைன்னு வச்சுக்குவோம். காத்தாடியக் கழட்டிக்கிட்டுப் போயிருவீகளா?”

அதிகாரி உடனே பதில் சொன்னார். “அதெப்படிங்க? போட்டது போட்டதுதான். அது கெடைச்சாலும் ஓடும், கெடைக்காட்டியும் ஓடும்.”

இதை நான் இங்கிலீஷில் சொன்னதும், அதுவரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்த டெல்லிப் பெண்ணின் பேனா நின்றது. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, எழுதாமலே அடுத்த ஆளைப் பார்த்தாள். அவள் ஏன் எழுதவில்லை என்பது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

டெல்லிப் பெண் கேட்டுக்கொண்டபடி கூட்டக் குறிப்பைத் தயாரித்து, அண்ணனின் கேள்வியையும் பதிலையும் அப்படியே சேர்த்து, அவளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கூட்டத்தின் முடிவில் எல்லோர் முன்னாலும் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தார்கள். மறுக்கத் தோன்றவில்லை. ஊரில் எல்லோரும் பார்க்கத்தான் கொடுத்தார்கள் என்று பிறகுதான் பட்டது.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து மரியாதைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. திட்ட அறிக்கை இணையத்தில் இருக்கிறது, முப்பது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று இருந்தது. கம்பம் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். நீளமான அறிக்கை. பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு பத்தி நன்றாகப் புரிந்தது. இந்தச் சான்றிதழ் வருமானம் இல்லாவிட்டால் திட்டம் கட்டுப்படியாகாது, அதை நம்பித்தான் காற்றாலை அமைக்க முடிவெடுத்தோம் என்று எழுதியிருந்தார்கள்.

பேனா நின்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. எப்படியும் வந்திருக்கக்கூடிய காற்றாலைக்குச் சான்றிதழ் கொடுத்தால், அதனால் புதிதாகப் புகை ஒன்றும் குறையப்போவதில்லை. அதை வாங்கும் வெளிநாட்டு ஆலை மட்டும் நிம்மதியாகப் புகைவிட்டுக்கொண்டிருக்கும். ‘கெடைக்காட்டியும் ஓடும்’ என்ற ஒரு வாக்கியம் அந்த அறிக்கையையே கேள்விக்குள்ளாக்கிவிடும்.

கூட்டத்தைப் பற்றிய பக்கத்தைத் தேடினேன். அண்ணன் கேள்வி இப்படி மாறியிருந்தது: காற்றாலைகள் நீண்ட காலம் இயங்குமா என்று ஒரு விவசாயி கேட்டார், இயங்கும் என்று உறுதியளிக்கப்பட்டது. கடைசியில், ஊர் மக்கள் திட்டத்தை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்று ஒரு வரி. மக்கள் பிரதிநிதி என்ற இடத்தில் என் பெயர்.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். பழனிசெட்டிபட்டியில் குடியிருந்தோம். அன்று சாயங்காலம் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். “காத்தாலை நல்லதா கெட்டதா? நல்லதுன்னு நீயேதான சொல்ற. இந்தக் காசு கெடைச்சா இன்னும் நாலு பேரு போடுவாக. நீ ஏன் குறுக்க நிக்கிற?” கம்பெனிக்காரர் யாராவது இவரிடம் பேசியிருப்பார்களோ என்று ஒரு நொடி தோன்றியது. பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதரை அப்படி நினைத்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆனாலும் எழுதினேன். காற்றாலையை எதிர்க்கவில்லை, கூட்டத்தில் நடந்த ஒரு கேள்வியும் பதிலும் மாற்றப்பட்டிருக்கின்றன என்று மட்டும் எழுதி, அறிக்கை இருந்த அந்த வெளிநாட்டு இணையதளத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனபோது அண்ணி தண்ணீர் கொடுத்தார், பேச்சுக் கொடுக்கவில்லை. ஊர் சம்மதம் என்று டீச்சரே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாள் என ஊரே பேசிக்கொண்டிருந்தது. அறிக்கையில் என் பெயர் இருப்பது எப்படியோ அங்கே தெரிந்திருக்கிறது. அண்ணனும் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். “நீ எழுதிக் குடுத்ததுதான அது?” இல்லை, மாற்றிவிட்டார்கள், அதற்குத்தான் மறுப்பு அனுப்பியிருக்கிறேன் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கையைச் சரிபார்க்க ஒரு தணிக்கையாளர் வந்தார். வேறு நிறுவனத்து ஆள், நடுநிலையானவர் என்றார்கள். கம்பெனி ஜீப்பில்தான் வந்து இறங்கினார். கோயம்புத்தூர் அதிகாரி கதவைத் திறந்துவிட்டார். அதைப் பார்த்ததுமே பாதி நம்பிக்கை போய்விட்டது. ஆனால் அந்த மனிதர் அதிகாரியை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அண்ணனுடைய நிலத்துக்கு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு நடந்தார். அவருக்கும் தமிழ் தெரியாது.

வரப்பில் நின்றபடி கேட்டார். அன்று கூட்டத்தில் நீங்கள் இப்படிக் கேட்டீர்களா, அதிகாரி இப்படிச் சொன்னாரா? நான் தமிழில் கேட்டேன். அண்ணன் காற்றாலைகள் இருந்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஞாபகம் இல்ல” என்றார்.

நான் மறுபடியும் கேட்டேன். அதே பதில். தணிக்கையாளர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆமாம், கேட்டாராம் என்று நான் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மற்றவர்கள் மாற்றியதைத்தானே தப்பு என்று எழுதியிருந்தேன். அதனால் நினைவில்லை என்கிறார் என்று சொன்னேன். பிறகு, இது மொழிபெயர்ப்பில்லை, நான் என் சார்பில் சொல்கிறேன், அவர் கேட்டார், நான் கூடவே நின்றேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க முடியவில்லை.

பிறகு இணையத்தில் வந்த அறிக்கையில் அது மூன்று வரியாக இருந்தது. ஒரு கருத்து வந்தது. சம்பந்தப்பட்டவரை நேரில் கேட்டதில் அவருக்கு நினைவில்லை. பிரச்சினை முடித்துவைக்கப்பட்டது. திட்டத்துக்குச் சான்றிதழ் அனுமதி கிடைத்தது.

அண்ணனிடம் கொஞ்ச காலம் பேசாமல் இருந்தேன். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. மேகத்தை விரட்டும் பேச்சு ஊரில் தானாக நின்றது. சோளம் அறுத்த பிறகு ஒரு நாள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். தணிக்கையாளர் வருவதற்கு முதல் நாள் அந்த அதிகாரி வந்து, காட்டுக்குப் போகும் பாதையில் ஓடைக்கு மேல் பாலம் போட்டுத் தருகிறோம் என்று சொன்னாராம். பாலம் வந்ததா என்று கேட்டேன். ரெண்டு குழாய் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்றார்.

“அப்ப ஞாபகம் இருந்துச்சு?”

“இருந்துச்சு ஆத்தா.” பிறகு, “நீ அந்த வெளிநாட்டுக்காரகளுக்கு என்னதான் எழுதுன? எனக்கு ஒரு நாளும் வாசிச்சுக் காட்டலையே” என்றார்.

உண்மைதான். அது எனக்குத் தோன்றவே இல்லை. பீரோவிலிருந்து நகலை எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். விதிமுறை, கூட்டக் குறிப்பு, மாற்றப்பட்ட பதில் என்று எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். முடித்ததும் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல மழையப் பத்தி ஒண்ணுமே இல்லையே.”

காகிதத்தை என்னிடமே நீட்டினார்.

“நான் அன்னைக்கு அதுக்குத்தான கேட்டேன். சான்றிதழு கெடைக்காமப் போனா இதுக போயிருமா, மழை வருமான்னு. நீ வேற எதுக்கோ கேட்டேன்னு எழுதியிருக்க.”

கூட்டக் குறிப்பிலும் மழைக் கேள்விகளை, வானிலை குறித்த சில ஐயங்கள் என்று ஒரே வரியில் நான்தான் அடக்கியிருந்தேன். தப்பான நம்பிக்கை, வெளியே தெரிந்தால் ஊருக்குத்தான் கேவலம் என்று நினைத்து அப்படிச் செய்தேன். அதை அவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. காபியைக் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போக வேண்டும் என்று எழுந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்தேன். வழியில், அந்தத் தணிக்கைக்காரர் மறுபடியும் வருவாகளா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.