தம்பியின் சீசா

மனிதனுக்குள்ளும் இரண்டு குண்டிக்காய் உண்டு என்பது எனக்கு இருபது வயதுக்கு மேல்தான் தெரியும். ஆட்டுக்கு உண்டு என்று தெரியும். சிங்கவரத்தில் எங்கள் தெருவில் ஆடு அடித்தால் அந்த இரண்டுக்கும்தான் முதல் சண்டை. செஞ்சியில் ஒரு சின்ன வைத்தியசாலையில் எனக்கு எடுபிடி வேலை கிடைத்த பிறகுதான் நம் உடம்பின் சங்கதி புரிந்தது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும், கடைசி விலாவை ஒட்டி ஒவ்வொன்று. உடம்பு ரத்தம் முழுவதும் அவற்றுக்குள் போய்ப் போய் வரும். கழிவும் மிச்சத் தண்ணீரும் வடிந்து, மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அடிவயிற்றுப் பையில் இறங்கும். ரத்தத்தில் இருக்கவேண்டிய சத்தை அவை வெளியே விடாது. விட ஆரம்பித்தால் ஆபத்து.

விடுகிறதா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேல்பாகத்தை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். தெளிவாக நின்றால் நல்லது. வெள்ளையாகக் கலங்கினால் புளிப்பு மருந்து இரண்டு சொட்டு விட வேண்டும். அப்போதும் கலங்கல் கரையவில்லை என்றால், முட்டை வெள்ளைக்கரு போன்ற சத்து உடம்பிலிருந்து ஒழுகிப் போகிறது என்று அர்த்தம். இது கைவந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் மண்வெட்டி பிடிக்காத முதல் ஆள் நான்தானே. போதாததற்கு வெள்ளைச் சட்டை வேறு.

தம்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நைனா செத்ததும், அவர் வேலை செய்த ஆண்டையின் மல்லாட்டைக் கொல்லைக்கே, வேர்க்கடலை பிடுங்க, அவனும் படியாளாகப் போனான். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க எங்கள் வைத்தியசாலைக்கே வருகிறார்கள் என்று நான்தான் வீட்டில் சொன்னேன். மறுநாள் காலையில் அவன் ஆண்டை வாசலுக்குப் போய், இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். தேர்வு எழுதுவதற்கு முன்பே பாசாகிவிட்ட மாதிரி.

"இன்னாடா சொன்னாரு?" என்றேன்.

"என் உப்பத் தின்னு வளந்த நாயின்னாரு. அவரு உப்பு நமக்கு இனிமே வேணாம்ணே." சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. பட்டாளத்திலும் இடம் கிடைக்காவிட்டால் அந்த வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பது அவள் கவலை.

ஆள் எடுக்க இரண்டு நாள் இருந்தபோது, உடம்புப் பரீட்சை எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தான். முகம் உப்பியிருந்தது. தூங்கி எழுந்த மூஞ்சி என்றான். மழைக்காலத்தில் உடம்பெல்லாம் சிரங்கு வந்து, அப்போதுதான் ஆறியிருந்தது. சிரங்குக்குப் பின்னால் சிலருக்குக் குண்டிக்காய் கெடும் என்று டாக்டர் யாரிடமோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு சீசாவைக் கொடுத்து, "போய்ப் புடிச்சினு வாடா, பெரிய சிப்பாயி" என்றேன்.

விளக்கில் காட்டினேன். மேல்பாதி வெளுத்தது. மருந்து விட்டேன். கரையவில்லை. அவன் அந்த நேரம் எடை பார்க்கும் மேடையில் ஏறி நின்று முள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்டி இருக்குதுண்ணே?"

"நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிக் குழாயைக் கழுவினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? டாக்டரிடம் காட்டியிருந்தால் படுக்கப்போட்டு, உப்பில்லாமல் கஞ்சி கொடுத்திருப்பார். பல பேர் அதிலேயே தேறி வீட்டுக்குப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் படுத்துக் கிடக்கும்போது பட்டாளம் போய்விடும். அப்புறம் ஆண்டை வாசல்தான். கலங்கல் தானாகவே தெளிந்துவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஐந்தாம் வகுப்பு படித்த மேதாவி!

ஆள் எடுக்கும் நாள் கட்டடத்துக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு சீசாவிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி வாங்கி வருவது என் பொறுப்பு. பட்டாளத்து டாக்டர் பக்கத்திலேயே நிற்பார்; அவர் முன்னால்தான் கொதிக்க வைக்க வேண்டும். தம்பியின் சீசாவை வேப்பமரத்தடியில் கவிழ்த்தேன். அலசிவிட்டு, சுவர் மறைவில் போய் நின்றேன். தம்பிக்குப் பதில் என்னுடையதை நிரப்புவது என் திட்டம்.

வரவில்லை. அடிவயிற்றுப் பையின் வாயில் ஒரு தசை உண்டு. அதற்கு நாம்தான் எஜமான் என்று டாக்டர் சொல்வார். எஜமானாவது மண்ணாவது! பயத்தில் அது இறுகிக் கிடந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி போய் நின்றேன். என் உடம்புக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. அப்போதாவது திரும்பியிருக்கலாம். உள்ளேயிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்த அதட்டலில் திறந்துகொண்டது. சூடாக இருந்த சீசாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

குழாய் பளிங்காக நின்றது. பட்டாளத்து டாக்டர் தலையாட்டினார். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அது தன்னுடையது என்றே அவன் நம்பினான். கடைசிவரை நம்பினான்.

வடக்கே எங்கேயோ இருந்து கடிதம் வந்தது. வயிறாரச் சோறு, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், யாரும் நாயே என்பதில்லை என்று எழுதியிருந்தான். அம்மாவுக்கு அதை எத்தனை முறை படித்துக் காட்டினேன் என்று கணக்கில்லை. நான் செய்தது சரிதான் என்று அப்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். நாலாவது கடிதத்தில், பூட்ஸ் சின்னதாகப் போய்விட்டது, சாயங்காலமானால் கால் உள்ளே நுழையவில்லை என்று எழுதியிருந்தான். "வியாதி ஒன்றும் இல்லை, நீதானே கொதிக்க வைத்துப் பார்த்தாய்" என்றும் எழுதியிருந்தான். அதனால் அங்கே யாரிடமும் காலைக் காட்டவில்லை.

உண்மையை எழுத உட்கார்ந்தேன். யுத்த காலத்தில் பட்டாளத்துக்குப் போகும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். எழுதினால் அவனுக்கும் வேலை போகும், எனக்கும் போகும், இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம் என்று காகிதத்தை மடித்துவிட்டேன். அது நிஜமான பயம்தான். நல்ல சாக்கும்தான். பூட்ஸைப் பெரியதாகக் கேட்டு வாங்கிக்கொள் என்று பதில் போட்டேன். பாவி நான்.

ஒரு வருஷம் முடிவதற்குள் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தவனை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அம்மா அடையாளம் தெரியாமல் அவனைத் தாண்டிப் போய் வேறு ஆளைத் தேடினாள். கண் இரண்டும் வீக்கத்துக்குள் போயிருந்தன. எங்கள் வைத்தியசாலையிலேயே சேர்த்தோம். டாக்டர் காலை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. ஒரு நாள் முழுவதும் சேர்ந்தால் அரை டம்ளர் சிறுநீர், கறி கழுவிய தண்ணீர் நிறத்தில். கொதிக்க வைத்ததும் குழாய் முழுவதும் கெட்டியாகிவிட்டது. கவிழ்த்தேன். கொட்டவில்லை.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "ரெண்டு பக்கமும் போச்சுப்பா. ஒரு வாரம் தாங்கினா அதிகம். அம்மாகிட்ட இப்பவே சொல்ல வேணாம்" என்றார்.

நான் திரும்பி வந்தபோது அம்மா வைத்தியசாலை வாசலில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நாலு நாளாக உப்பில்லாத கஞ்சி. தம்பி ஒவ்வொரு வாயையும் துப்பிக்கொண்டிருந்தான். என் கையில் குழாய் இருந்ததைப் பார்த்துவிட்டான்.

"எப்டி இருக்குதுண்ணே?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சொன்னால் என் நெஞ்சுப் பாரம் இறங்கும். அவனுக்கு என்ன மிஞ்சும்? குழாயை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்குது."

"அப்ப உப்பு போடச் சொல்லேண்ணே" என்றான்.

வெளியே போய் அம்மாவிடம் உப்புப் போடச் சொன்னேன்.

"டாக்டரு போடக்கூடாதுன்னாரேடா?"

"போடும்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் அடுப்பு மூட்டியிருந்தவளிடம் கொஞ்சம் உப்பு வாங்கக் கையை நீட்டினாள்.